அவசரம்: தனியாக வேலை செய்பவருக்கு பில், செலவு, நேரக்கணக்கு மூன்றுக்கும் எந்த ஆப்?

வரைகோடு
வணக்கம். தனியாத்தான் வேலை எடுத்துச் செய்றேன். இப்ப வச்சிருக்கிற ஆப்ல வருமானம் தப்பா காட்டுது. வேற ஆப்புக்கு மொத்தமா மாறிடலாம்னு இருக்கேன். பில், செலவு, நேரக்கணக்கு மூணும் ஒரே இடத்துல வேணும். இலவசம்னா ரொம்ப நல்லது. எது எடுக்கலாம்? இந்த வாரத்துக்குள்ள முடிக்கணும்.

பேரேடு
தப்புன்னா கூடவா, குறைவா? எவ்வளவு? மாசம் எத்தனை பில் போடுறீங்க? ஒரே நாணயமா? பணம் நேரா வங்கிக்கு வருதா, பேமென்ட் கேட்வே (ஆன்லைன்ல பணம் வாங்கி நமக்கு அனுப்புற இடைச் சேவை) வழியாவா? இது தெரியாம ஆப் பேர் சொல்ல முடியாது.

நிழல்மரம்
ஜோஹோ இன்வாய்ஸ் இலவசம்தான். நேரப்பதிவு, செலவுப்பதிவு ரெண்டும் அதுக்குள்ளேயே இருக்கு. ஆனா அது பில் போடுற ஆப். இரட்டைப் பதிவுக் கணக்கு (ஒவ்வொரு வரவு செலவையும் ரெண்டு கணக்குல எழுதுறது), வங்கி ஒப்பீடு (கணக்கை வங்கி ஸ்டேட்மென்ட்டோட சரிபார்க்கிறது) எல்லாம் வேணும்னா ஜோஹோ புக்ஸ், அது தனி. நேரம் மட்டும் குறிக்கணும்னா கிளாக்கிஃபை போதும். உங்ககிட்ட நேரக் கட்டண வேலையா, மொத்தத் தொகை வேலையா?

ஆறாம்படி
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. முதலில் பழைய இழைகளைப் படியுங்கள். மாதம் இருபது பில்லுக்குக் கீழே போடுபவருக்கு ஆப்பே தேவையில்லை, விரிதாள் போதும். ஒரு தாளில் பில்: எண், தேதி, வாடிக்கையாளர், தொகை, கெடு. இன்னொரு தாளில் வரவு: தேதி, பில் எண், தொகை. மூன்றாவதில் செலவு. வரவை பில் தாளிலேயே ஒரு கட்டமாக வைக்காதீர்கள். ஒரு பில்லுக்கு இரண்டு தவணையாகப் பணம் வந்தால் அந்த அமைப்பு அன்றே உடையும். நிலுவையைக் கணக்கிட, ஒரே பில் எண்ணுக்கான தொகைகளை மட்டும் கூட்டும் சம்இஃப் (SUMIF) சூத்திரம் ஒன்று போதும். அடிப்படை தெரியாமல் ஆப் மாற்றுபவர் அதே தவறைப் புது ஆப்பிலும் செய்வார்.

வரைகோடு
மாசம் 10, 12 பில். ரெண்டு நாணயம். பாதி கேட்வே, பாதி நேரா வங்கி. வருமானம் கிட்டத்தட்ட டபுளா காட்டுது.

பனித்துளி
ரெண்டு நாணயம்னு சொல்லிட்டீங்களே, அதான் காரணம். பில் போட்ட நாள் மாற்று விகிதம் ஒண்ணு, பணம் வந்த நாள் விகிதம் வேற. ஆப் ரெண்டையும் குழப்பிக்குது. பல நாணயம் ஒழுங்கா கையாளுற ஆப்புக்கு மாறுங்க.

பேரேடு
விகித வித்தியாசம் சில சதவீதம் காட்டும், இரண்டு மடங்கு காட்டாது. சரியான ஆப் அந்த வித்தியாசத்தை "மாற்று லாபம் / நட்டம்"னு தனிக் கணக்குல போட்டுடும்.

வரைகோடு, வங்கி ஸ்டேட்மென்ட்டை ஆப்புக்குள்ள ஏத்துறீங்கதானே? அப்படின்னா நடந்தது இதுதான். பில்லுல "பணம் வந்தது"ன்னு குறிச்சதும் ஒரு வருமானம் பதிவாகுது. அதே பணம் ஸ்டேட்மென்ட்ல வரியா வந்ததும் அதுக்கு "வருமானம்"னு வகை குடுத்திருக்கீங்க. இது ரெண்டாவது பதிவு. வகை குடுக்கக் கூடாது, பில்லோட *பொருத்தணும்*.

"கிட்டத்தட்ட" டபுள்னு ஏன் வருதுன்னா, கேட்வே கட்டணம். 1000-க்கு பில், கட்டணம் 30, வங்கிக்கு வந்தது 970. தொகை ஒத்துப்போகாததால ஆப் பொருத்தத்தைப் பரிந்துரைக்காது, புது வரவுன்னு காட்டும். நீங்களும் சரின்னு அழுத்தியிருப்பீங்க. வருமானம் 1970 ஆயிடும்.

சரி பண்ற விதம்: முதல்ல ஆப்ல இருக்கிற எல்லாத் தரவையும் கோப்பா ஏற்றுமதி எடுத்து வச்சுக்கோங்க. "கேட்வே"ன்னு ஒரு இடைக்கணக்கு திறங்க. பில்லுக்கான 1000-ஐ அந்தக் கணக்குல வரவு வைங்க. அதுலேர்ந்து 30 செலவு, 970 வங்கிக்கு மாற்றல். அந்த 970-ஐத்தான் ஸ்டேட்மென்ட் வரியோட பொருத்தணும். பல பில் பணத்தை கேட்வே ஒரே தொகையா அனுப்பினாலும் இந்த முறை தாங்கும். கடைசி மாற்றல் முடிஞ்சதும் இடைக்கணக்கு பூஜ்யத்துல நிக்கணும். தப்பான பதிவுகளைக் கண்டுபிடிக்க, வங்கி வரிகள்ல வகை "வருமானம்", வாடிக்கையாளர் பெயர் காலின்னு வடிகட்டுங்க. அழிக்காதீங்க, வகைப்பாட்டை மட்டும் நீக்குங்க. அழிச்சா அடுத்த தடவை ஏத்தும்போது அதே வரி திரும்ப வந்து நிக்கும்.

நிழல்மரம்
பேரேடு சொன்னது சரி. அப்பவும் மாறணும்னு தோணினா நிதியாண்டுத் தொடக்கத்துல மாறுங்க. நிலுவையில இருக்கிற பில்லையும் தொடக்க இருப்பையும் மட்டும் கொண்டுபோங்க, பழைய பில் எல்லாத்தையும் இழுக்க வேண்டாம். புது ஆப்ல அடுத்த பில் எண்ணை மறக்காம அமைங்க. இல்லன்னா 1-லேர்ந்து ஆரம்பிச்சிடும், ஒரே எண்ல ரெண்டு பில் வந்துடும்.

சிறுகுறிஞ்சி
இடையில ஒரு கேள்வி. வாடிக்கையாளர் பெயரைத் தமிழ்ல போட்டா பல ஆப்ல பிடிஎஃப்ல கொம்பு இடம் மாறுது. "கெ" எழுதினா க முன்னாடி, கொம்பு பின்னாடி. யாருக்காவது தீர்வு தெரியுமா?

ஆறாம்படி
எழுத்துரு பிரச்சினை. நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கள், சரியாகும்.

சிறுகுறிஞ்சி
போட்டாச்சு. எழுத்து வருது, வரிசைதான் தப்பு.

தாள்கட்டு
ஆறாம்படி, எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் பெட்டிகள்தான் வரும். கொம்பு இடம் மாறுவது வேறு நோய். யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு என்றே சேமிக்கப்படுகிறது. அதைத் திரையில் முன்னே கொண்டுவருவது எழுத்துக் கோர்ப்புப் பொறியின் வேலை. டாம்பிடிஎஃப் போன்ற, வலைப்பக்கத்தை பிடிஎஃப் ஆக்கும் நிரல்கள் அந்தக் கோர்ப்பைச் செய்வதில்லை. எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் உடையும். உலாவியே பிடிஎஃப் ஆக்கினால் சரியாக வரும். ஆகவே பில்லின் பிடிஎஃப்பை அல்ல, அதன் வலைப்பக்கத்தை உலாவியில் திறந்து, அச்சிடு என்பதில் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். புது ஆப்பைச் சோதிக்கும்போது கெ, கொ, கௌ, நை நான்கும் உள்ள பெயரை இட்டுப் பாருங்கள்.

ஆறாம்படி
தமிழில் பில் போடும் தேவை எத்தனை பேருக்கு இருக்கிறது? இதை வைத்து ஆப் தேர்வு செய்வது வீண் வேலை.

தாள்கட்டு
வாடிக்கையாளரின் பெயர் அது. அதைச் சிதைத்து அனுப்பிவிட்டு எப்படிப் பணம் கேட்பது? ஆப்பிலிருந்து ஏற்றுமதியாகும் சிஎஸ்வி கோப்பிலும் (வெறும் உரையாகச் சேமித்த அட்டவணை) இதே கவனம் வேண்டும். எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரியலாம். தரவு தாவலில் உரை/சிஎஸ்வி வழியாக உள்ளிழுத்து, குறியாக்கம் 65001 யுடிஎஃப்-8 எனத் தேர்ந்தெடுங்கள்.

பேரேடு
இழை வேற பக்கம் போகுது. ஆப் தேர்வுக்கு என் சோதனை இதுதான்: மூணு போலி பில் போடுங்க. ஒண்ணு பாதிப் பணம் வந்தது, ஒண்ணு ரத்து, ஒண்ணு ரெண்டாவது நாணயம். உடனே ஏற்றுமதி எடுங்க. பணம் வந்த விவரம் தனிக் கோப்பா வந்தா, அதுல பில் எண் இருக்கணும். இல்லன்னா நாளைக்கு எந்தப் பணம் எந்தப் பில்லுக்குன்னு சேர்க்கவே முடியாது. ரத்தான பில் பட்டியல்ல "ரத்து"ன்னு நிக்கணும், காணாமப் போகக் கூடாது. செலவு ரசீதுப் படங்கள் சிஎஸ்வியில வராது. அதை மொத்தமா இறக்க வழி இருக்கான்னும் பாருங்க. இந்தச் சோதனையில தோத்த ஆப் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

வரைகோடு
ஸ்டேட்மென்ட் ஏத்தினது உண்மைதான். வடிகட்டினதுல 61 வரி சிக்குச்சு. பொருத்தியாச்சு, வருமானம் இப்ப சரியா வருது. கேட்வே கணக்குல மட்டும் மைனஸ் 45 நிக்குது. ஆப் மாத்தல. எல்லாருக்கும் நன்றி.

பேரேடு
அந்த மைனஸ் 45-ஐ அப்படியே விடாதீங்க. எந்தத் தேதியில முதல்ல மைனஸ் ஆச்சுன்னு பாருங்க. வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் குடுத்த பில் ஏதாவது இருக்கா? பணத்தைத் திருப்பினாலும் கேட்வே தன் கட்டணத்தைப் பல சமயம் திருப்பாது. திருப்பின தொகையை அடுத்த செட்டில்மென்ட்ல (கேட்வே நம்ம வங்கிக்கு அனுப்புற தொகையில) கழிச்சிருக்கும். நீங்க அந்தக் கட்டணத்தை ரெண்டு தடவை செலவாப் பதிவு பண்ணியிருக்கீங்களா, இல்ல ஒரு பில்லோட வரவு இடைக்கணக்குக்கு வராம நேரா வங்கிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க.