சேப்பாக்கத்தில் அன்று தட்டிய கைகள்

கேலரிவாசி:
2025 செப்டம்பர் 14, துபாய், ஆசியக் கோப்பை கிரிக்கெட்டில் இந்தியா–பாகிஸ்தான். ஆட்டம் முடிந்ததும் நம்ம பசங்க கை குலுக்காமல் நேரே உள்ளே போய்விட்டார்கள். பாகிஸ்தான்காரர்கள் மைதானத்திலேயே நின்றார்கள். பார்த்ததிலிருந்து எனக்கு 1999 ஞாபகமாகவே இருக்கிறது.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நான் சேப்பாக்கத்தில் இருந்தேன், பாகிஸ்தானோடு டெஸ்ட். நாம் ஜெயிக்க 271. முதுகுவலியோடு 136 அடித்த சச்சின், பதினேழே ரன் பாக்கி இருக்கும்போது சக்லைனைத் தூக்கி அடித்து வாசிம் கையில் கொடுத்தார். அவருக்குப் பின்னால் மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் காலி. 12 ரன்னில் தோல்வி. கொஞ்ச நேரம் எழவு வீடு மாதிரி இருந்தது. அப்புறம் எங்கேயோ தட்ட ஆரம்பித்தார்கள், மொத்த மைதானமும் எழுந்து நின்றது. பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடியது. அதே மாதம்தான் டெல்லி கோட்லா மைதானத்தில் பாகிஸ்தான் ஆடக்கூடாது என்று பிட்சையே தோண்டிப் போட்டிருந்தார்கள். அரசியல் பிரித்ததை மைதானம் சேர்க்கும், நான் கண்ணால் பார்த்தேன்.

மிட் ஆஃப்:
சச்சின் அந்த ஷாட்டை ஆடாம இருந்திருந்தா இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது.

கரிசல்:
//அரசியல் பிரித்ததை மைதானம் சேர்க்கும்//
அண்ணே, மே மாதம் கார்கில். உங்கள் கைதட்டல் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? மூன்றே வாரத்தில் ஈடன் கார்டன். சச்சின் ஷோயப் அக்தர் மேல் இடித்து ரன் அவுட் ஆனார், கேலரி கொதித்தது. கடைசியில் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடித்தார்கள். அதே இரண்டு அணிகள். சென்னையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு கல்கத்தாவை விட்டுவிட்டால் எப்படி?

கவர்டிரைவ்:
கரிசல், ஈடன் கூட்டம் 96 செமி ஃபைனலில் இலங்கையோடு தோற்கும்போதும் பாட்டில் வீசியது. அது தோல்வி தாங்காத கூட்டம், அதற்கும் பாகிஸ்தானுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 2004 தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் நம்ம ஆட்கள் லாகூருக்கும் கராச்சிக்கும் போனார்கள். சாப்பிட்டதற்குக் கடைக்காரர்கள் காசு வாங்கவில்லை என்று வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்! நம்ம பாலாஜிக்கு அங்கே கிடைத்த கைதட்டல் இங்கேகூடக் கிடைத்ததில்லை.

கரிசல்:
அந்த விசாவைக் கொடுத்தது யார்? வாஜ்பாயும் முஷாரஃபும் பேசுவது என்று முடிவெடுத்த பிறகுதான் தொடரே நடந்தது. அரசுகள் முறைத்துக்கொண்டதும் கதவு சாத்தியாயிற்று. 2013 ஜனவரியோடு இருதரப்புத் தொடர் நின்றது, நின்றதுதான். வீட்டுக்காரன் திறந்தால் உள்ளே வருகிற விருந்தாளி கிரிக்கெட். சாவி அதனிடம் இல்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்குக் காயம் இல்லாத இடத்தில் பெருந்தன்மை சுலபம். வாகா எல்லை எங்கே, திருவல்லிக்கேணி எங்கே? நமக்கு வலித்தபோது என்ன செய்தோம்? 2013 மார்ச்சில் அதே சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட இலங்கை வீரர்களுக்கு இடமில்லை என்று ஜெயலலிதா அரசு சொன்னது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகரவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, 2009க்குப் பிறகு அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அன்றைக்கு மைதானம் யாரையும் சேர்க்கவில்லையே.

வடமராட்சியான்:
இலங்கைக் கதை வந்தபடியால் நானும் எழுதுறன். 96 மார்ச் 17, லாகூர் ஃபைனல். அதுக்கு முதல் வருசம் ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில வெளிக்கிட்ட நாங்கள் அப்ப கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டிலில. கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ. இலங்கையின்ர அரவிந்த டி சில்வா 107 அடிச்சு அவுட் ஆகாமல் நிக்கிறார், அணியில எங்கட முரளி. சந்தோசமோ எண்டு கேட்டால், ஓம். அண்ணா ரேடியோவை நிப்பாட்டச் சொன்னவர். “ஷெல் அடிக்கிறவன்ர நாடு வெண்டால் உனக்கென்ன?” எண்டார். பெடலை நான்தான் சுத்திக்கொண்டிருந்தனான், நிப்பாட்டேல்லை. ரெண்டு நாள் அவர் என்னோட கதைக்கேல்லை.

அந்த உலகக் கோப்பையில அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் குண்டுக்குப் பயந்து கொழும்புக்கு வரேல்லை. பயப்பிட ஒண்டுமில்லை எண்டு காட்ட இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியா வந்து கொழும்பில ஒரு மேட்ச் ஆடினவை. வாசிம் போட்ட பந்தில களுவிதாரணவைப் பிடிச்சது சச்சின். இண்டைக்கு நினைச்சாலும் எனக்குப் புல்லரிக்கும். ஆனா அவை ரெண்டு பேரும் சேர்ந்து நிண்ட அந்த நாட்டிலயே நாங்கள் ஒண்டாக இல்லை.

கேலரிவாசி:
வடமராட்சி அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ரேடியோவை வைத்து எந்தப் பக்கமும் வாதாட எனக்கு மனசு வரவில்லை.

கரிசலுக்கு மட்டும் ஒன்று. அரசுகளை விடுங்கள். பாரிஸ் 2024, ஈட்டி எறிதல். அர்ஷத் நதீம் 92.97 மீட்டர், தங்கம். நம்ம நீரஜ் 89.45, வெள்ளி. நீரஜின் அம்மா, “தங்கம் வாங்கியவனும் எங்கள் பிள்ளைதான்” என்கிற மாதிரி சொன்னார். அங்கே அர்ஷத்தின் அம்மாவும் அப்படியே. இதற்கு எந்த அமைச்சர் சாவி கொடுத்தார்?

கரிசல்:
யாரும் கொடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025 ஏப்ரலில் பெங்களூர் போட்டிக்கு நதீமை அழைத்ததற்காக நீரஜை வறுத்தெடுத்தார்கள். பஹல்காம் தாக்குதலுக்கு முந்தைய நாள் அனுப்பிய அழைப்பு அது என்று பாவம் அவரே விளக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாவையும் விடவில்லை. முந்தின வருசம் அவர் சொன்னதைக் கேட்டு உருகிய அதே ஜனம்தான்.

கவர்டிரைவ்:
அதே ஜனம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? திட்டுபவன் சத்தம்தான் எப்போதும் பெரிசாகக் கேட்கும்.

கேலரிவாசி:
2023 அக்டோபர் 23, பையனைக் கூட்டிக்கொண்டு மறுபடி சேப்பாக்கம் போனேன். பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட்டில் அடித்தது. ரஷீத் கான் கூட்டம் மைதானத்தைச் சுற்றி வந்தது, நம்ம ஜனம் 99 மாதிரியே எழுந்து நின்றது.

கரிசல்:
அந்தக் கைதட்டல் ஆப்கானிஸ்தான் ஜெயித்ததற்கா, பாகிஸ்தான் தோற்றதற்கா?

கேலரிவாசி:
பக்கத்து சீட்டுக்காரரிடம் நான் கேட்கவில்லை. இப்ராஹிம் ஸத்ரான் 87 அடித்ததற்கு நான் தட்டினேன். முன்னாடி பாகிஸ்தானின் பாபர் 74 அடித்தபோதும் தட்டினேன். அதற்குப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.