கேன்சர் சர்ஜரிக்கு 5 வாரம் வெயிட்டிங், ஆனா மத்தியானம் 2 மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் காலி. எங்க தப்பு?

வண்ணாரப்பேட்டை சிஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னைல ஒரு மீடியம் சைஸ் பிரைவேட் ஆஸ்பத்திரி, பேரு வேணாம். 16 வருஷம் தியேட்டர் சிஸ்டரா இருந்துட்டேன், போன மாசம் திடீர்னு ரூமுக்கு கூப்ட்டு இனிமே நீங்கதான் கேன்சர் சர்ஜரி ஆபரேஷன்ஸ் மேனேஜர்னு லெட்டர் குடுத்துட்டாங்க. வீட்ல சொன்னா எங்க அத்தை "அப்ப நீயே ஆபரேஷன் பண்ணுவியா"ன்னு கேக்குறாங்க. இல்லத்தே, எந்த ஆபரேஷன் எப்ப நடக்கணும்னு பாக்குற வேலைன்னேன், "அது டாக்டர் வேலையாச்சே"ன்னாங்க. எனக்கும் அந்த டவுட்டு இருக்கு, அதான் இங்க கேக்குறேன்.

விஷயம் இதான். கேன்சருக்குன்னே 2 தியேட்டர். வாய், கழுத்து கேஸ்தான் அதிகம், அப்புறம் மார்பகம், கர்ப்பப்பை, குடல். இன்னைக்கு ஒருத்தர் வந்தா டேட் 5 வாரம் கழிச்சுதான். எம்.டி. சார் (மேனேஜிங் டைரக்டர்) இத பாத்துட்டு மூணாவது தியேட்டர் கட்டலாம், முடிஞ்சா ஆபரேஷனுக்கு ஒதவுற ரோபோ வாங்கலாம், 3 வருஷத்துக்கு பிளான் போட்டு ஸ்லைடா குடுங்கன்றார். எனக்கு உறுத்துறது என்னன்னா வாரத்துல ரெண்டு மூணு நாள் 2 மணிக்கெல்லாம் ஒரு தியேட்டர் லைட் ஆஃப் பண்ணி கெடக்கு. லிஸ்ட்ல பேர் இருக்கும், ஆள் டேபிளுக்கு வந்திருக்க மாட்டாங்க.

போன வியாழக்கிழமை திருவொற்றியூர்ல இருந்து ஒரு அம்மா, 60க்கு மேல இருக்கும். காலைல 7 மணிக்கே பச்ச கவுன் மாட்டி தொப்பி போட்டு வீல்சேர்ல உக்கார வெச்சாச்சு. கழட்டுன கம்மல், மூக்குத்திய பேத்தி கர்ச்சீப்ல முடிஞ்சு கைலயே வெச்சிருந்துச்சு. முத கேஸ் இழுத்துகிட்டே போச்சு, 1:30க்கு ஐசியூல பெட் இல்ல நாளைக்கு பாக்கலாம்னுட்டாங்க. அந்த அம்மா என்ன பாத்து "அப்ப காபி குடிக்கலாமா கண்ணு"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. கத்தி சண்ட போட்டிருந்தா கூட பரவால்ல.

மூணாவது தியேட்டர் வந்தா இது சரியாயிடுமா? எங்க இருந்து ஆரம்பிக்கறது?

தூங்க வைக்கிறவன்:

சிஸ்டர், தியேட்டர் கட்டாதீங்க. 20 வருஷமா மயக்க மருந்து குடுக்குறேன், நான் பாத்த வரைக்கும் கேஸ் தியேட்டருக்குள்ள லேட் ஆகறத விட தியேட்டருக்கு வர்ற வழிலதான் லேட் ஆகுது. காலைல சுகர் 320, கேன்சல். ஹீமோகுளோபின் 7, கேன்சல். ரத்தம் அரேஞ்ச் பண்ணல, கேன்சல். இதுல எது அன்னைக்கு காலைல பொறந்த பிரச்சனை?

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ஒவ்வொரு கேன்சலுக்கும் ஒரு வரி. என்ன காரணம், எப்ப தெரிஞ்சுது, எப்ப தெரிஞ்சிருக்கலாம். அந்த கடைசி கட்டம்தான் முக்கியம், அத நேர்மையா எழுதுனீங்கன்னா உங்க 3 வருஷ பிளான் அதுலயே இருக்கும். முந்தின நாள் சாயந்திரம் அட்மிட் பண்ணி ராத்திரி 8 மணிக்கு பிஜி டாக்டர் (மேல்படிப்பு படிக்கிறவர்) வந்து மயக்க மருந்துக்கு ஒடம்பு தாங்குமான்னு பிட்னஸ் பாக்குற பழக்கம் உங்க ஊர்லயும் இருந்தா அத மொதல்ல நிறுத்துங்க. டியூமர் போர்டுல, அதான் எல்லா டாக்டரும் உக்காந்து என்ன ட்ரீட்மென்ட்னு பேசுற மீட்டிங்ல, சர்ஜரின்னு முடிவான அன்னைக்கே பேஷன்ட் எங்க ஓபிக்கு வரணும். 5 வாரம் இருக்கா, சரி, அந்த 5 வாரத்துல சுகர எறக்கலாம், இரும்பு சத்து டிரிப்ஸ் ஏத்தலாம், பீடிய நிறுத்த வெக்கலாம், அந்த மூணு பந்து இருக்குமே, மூச்ச உள்ள இழுத்து பந்த தூக்குற மிஷின், அத குடுத்து வீட்லயே பழக சொல்லலாம். இப்ப நடக்குறது என்ன, 5 வாரம் வீட்ல உக்காந்து பயந்து சாப்பாடு எறங்காம 4 கிலோ கொறஞ்சு வர்றாங்க.

இன்னொண்ணு. நம்ம ஏரியால மாவா (புகையிலை கலந்த பாக்கு) போட்டு போட்டு வாய் ரெண்டு வெரல் கூட தொறக்காத கேஸ் எத்தன வருதுன்னு உங்களுக்கே தெரியும். குட்கா, பான் மசாலாக்கு 2013ல தடை போட்டாங்க, பொட்டி கடைல இன்னும் ஓடுது, அது வேற கதை. அவங்களுக்கு மூச்சு விட வைக்கிற டியூப சாதாரணமா வாய் வழியா போட முடியாது, முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா கேமரா ஸ்கோப் விட்டுதான் போடணும். எங்க கிட்ட அந்த ஸ்கோப் ஒண்ணுதான். ரெண்டு தியேட்டர்லயும் முத கேஸா வாய் தொறக்காத ஆள போஸ்ட் பண்ணிட்டா ஒரு தியேட்டர் ஸ்கோப் கழுவி வர்ற வரைக்கும் தேமேன்னு நிக்கும். லிஸ்ட் போடுறவருக்கு இது தெரியாது, அவர் கைல இருக்கறது "லெப்ட் பக்கல் மியூகோசா"ன்னு (இடது கன்னத்து உள்பக்கம்) ஒரு வரிதான். வாய் எத்தன வெரல் தொறக்குதுன்னு லிஸ்ட்லயே எழுத வெச்சோம், அவ்ளோதான், பைசா செலவில்ல.

அப்புறம் அந்த காபி அம்மா. கெட்டியான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணிக்கு 2 மணி நேரம் போதும்னு எத்தனையோ வருஷமா கைட்லைன் இருக்கு. நம்ம வார்டுல இன்னும் ராத்திரி 10 மணிக்கு மேல எச்சி கூட முழுங்காதன்றாங்க.

டாஷ்போர்டு ரவி அண்ணன்:

மேடம், டாக்டர் சொல்றது சரி, ஆனா எம்.டி. கிட்ட 40 பக்க நோட்ட நீட்டுனா நகர மாட்டார், நம்பர் கேப்பார். 2020ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 7 வகை கேன்சர எடுத்து பாத்தாங்க, சர்ஜரி 4 வாரம் தள்ளிப்போனா இறப்பு ரிஸ்க் 6ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் கூடுது. அத முத ஸ்லைடுல போடுங்க. ஆனா அது பொதுவான கணக்கு, தயவு செஞ்சு ஓபில யாரும் பேஷன்ட் கிட்ட இத சொல்லி பயமுறுத்திட கூடாது.

நான் ஒரு பெரிய குரூப்ல இருந்தேன், அங்க முத கேஸ் சொன்ன டைம்ல ஆரம்பிச்சுதா, ரெண்டு கேஸுக்கு நடுவுல எவ்ளோ கேப், தியேட்டர் எத்தன சதவீதம் ஓடுச்சு, மூணும் தினமும் பாப்போம். தியேட்டர் 85 சதவீதம் ஓடணும்னு டார்கெட் வைங்க, தானா வெயிட்டிங் கொறையும்.

தூங்க வைக்கிறவன்:

ரவி சார், 85 வேணாம். குடலிறக்கம், கண்ணு ஆபரேஷனுக்கு அந்த கணக்கு ஒத்து வரும். கேன்சர்ல வெட்டுன சதைய உடனே உறைய வெச்சு பாக்குற ஃப்ரோசன் டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு கைய கட்டிகிட்டு நிப்போம், 20 நிமிஷத்துல ரிப்போர்ட் வரணும், ஓரத்துல இன்னும் நோய் இருக்குன்னு போன் வந்தா மறுபடி வெட்டி மறுபடி அனுப்பணும். இன்னொரு நாள் வயித்த தொறந்து பாத்தா உள்ள பூரா பரவியிருக்கும், மூடிட்டு ஒரு மணி நேரத்துல வெளிய வந்துடுவோம். இத எப்படி சார் இறுக்கி கட்டுவீங்க? இறுக்குனா கடைசி பேருதான் அடி வாங்கும், அது எப்பவும் ஒரு வயசான அம்மாவா இருக்கும்.

பெரம்பூர் டெக்னீஷியன்:

அக்கா நான் தியேட்டர் டெக்னீஷியன், எங்க கதைய சொல்றேன், சிரிக்காதீங்க. முத கேஸ் 8 மணிக்கு, பேஷன்ட் டேபிளுக்கு வர்றது 8:40. ஒரு வருஷமா சர்ஜன் லேட்டு மயக்க டாக்டர் லேட்டுன்னு மாத்தி மாத்தி சண்ட. கடைசில ஒரு வாரம் நான் மூணாவது மாடில லிப்ட்டு பக்கத்துல நின்னு பாத்தேன். 7:30க்கு ஸ்ட்ரெச்சர் வருது, அதே நேரம் கேன்டீன் டிராலியும் வருது, லிப்ட் ஒண்ணுதான், டிராலிக்காரர் மாடி மாடியா இட்லி எறக்கிகிட்டே போறார். வயிறு காஞ்சு படுத்திருக்கறவர் மூஞ்சிக்கு நேரா சாம்பார் வாசன. மீட்டிங்ல சொன்னா எவனும் நம்பல.

அப்புறம் கருவி செட்டு. எந்த கேஸுக்கு எந்த செட்டுன்னு முந்தின நாளே ஸ்டெரிலைஸ் பண்றவங்களுக்கு லிஸ்ட் போகணும். கழுவி காய வெச்சு பேக் பண்ணி 134 டிகிரில போட்டு ஆறி வர்றதுக்கு அரை நாள் ஓடிடும், ராத்திரி லிஸ்ட மாத்தி எழுதிட்டு காலைல செட்டு எங்கன்னு கத்துனா எங்க இருந்து வரும்?

ஐசியூ பெட் தான் உங்க மெயின் அடைப்புன்னு எனக்கு தோணுது. கால் எலும்ப எடுத்து தாடைக்கு வெக்கிற பெரிய கேஸ் ஒரே வாரத்துல வரிசையா புதன், வியாழன், வெள்ளின்னு போட்டா ஐசியூ ரொம்பிடும், திங்கக்கிழம காத்து வாங்கும். பிரிச்சு போட சொல்லுங்க. மூணாவது தியேட்டர் கட்டுனா அதே ஐசியூக்கு இன்னும் ஒரு வாசல்ல இருந்து ஆள் வருவாங்க, அவ்ளோதான்.

காசிமேடு பையன்:

யக்கா நான் ஆஸ்பத்திரி ஆளு இல்ல, எங்கம்மாக்கு மார்ல கட்டி, போன வருஷம் வேற ஒரு எடத்துல பண்ணோம். மூணு தபா கேன்சல் பண்ணாங்கோ. மொத தபா பிபி, ரெண்டாவது தபா ரத்தம், மூணாவது இன்னான்னே சொல்லல. ஒவ்வொரு தபாவும் நான் படகு வேலைய உட்டுட்டு வந்து நிக்கணும், கூலி போச்சு. கவுன்ட்டர்ல கேட்டா வார்டுல கேளுன்றான், வார்டுல கேட்டா டாக்டர் வரட்டும்னுது. தேதி தள்றது கூட பரவால்லக்கா, யாராவது ஒரு ஆளு இன்னா ஏதுன்னு சொல்லிகினா போதும், அந்த ஒரு ஆளு தான் கிடிக்கல.

இன்னொன்னு, டேட் குடுக்க சொல்ல எங்கள ஒரு வார்த்த கேக்கலாம்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போவாது, அப்ப குட்திருந்தா நான் அம்மா கூடவே கெடந்திருப்பேன். எங்காளுங்க சில பேரு சீசன் போயிடும்னு அவங்களே தள்ளிப்போட்டுகினு வீட்ல உக்காந்துகிறாங்கோ, போன் பண்ணி கூப்ட ஆளில்ல.

காப்பீடு கவுண்டர்:

தம்பி சொன்னது சுருக்குனு இருக்கு, நாங்களும் அந்த கவுண்டர்லதான் உக்காந்திருக்கோம். மேடம், உங்க நோட்டுல "காப்பீடு அப்ரூவல் வரல"ன்னு நெறைய வரி வரும் பாருங்க. முதல்வர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா முக்கால்வாசி நேரம் மாட்டுறது பணம் இல்ல, பேரு. ஆதார்ல ஒரு இனிஷியல் ரேஷன் கார்டுல ஒரு இனிஷியல், கல்யாணம் ஆகி வந்த மருமக பேர் கார்டுலயே ஏறல. இத சரி பண்ண ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்கு அலையணும், அட்மிஷன் அன்னைக்கு தெரிஞ்சா ஒரு வாரம் காலி. டேட் குடுக்கற அன்னைக்கே கார்ட என் கிட்ட அனுப்புங்க, 10 நிமிஷம் போதும், எது ஒத்துக்காதுன்னு அப்பவே சொல்லிடுவேன். இந்த வேலைக்கு வந்து இத்தன வருஷத்துல ஒரு சர்ஜன் கூட என்ன ஒரு மீட்டிங்குக்கு கூப்ட்டதில்ல.

ரேடியேஷன் பக்கத்துல இருந்து:

ஒண்ணே ஒண்ணு. வாய் கேன்சருக்கு ஆபரேஷன் ஆன 6 வாரத்துக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிக்கணும். நீங்க தியேட்டர்ல ஒரு மணி நேரத்த மிச்சம் பிடிச்சுட்டு, பயாப்சி ரிப்போர்ட் 12 நாள், தையல் பிரிக்க ஒரு வாரம், எங்க கிட்ட பிளானிங்குக்கு ஒரு வாரம்னு விட்டா அங்க போயிடும். ஆடுற பல்ல ஆபரேஷன்லயே எடுத்துடுங்க, ரேடியேஷனுக்கு அப்புறம் பல்ல தொட்டா தாடை எலும்பே போயிடலாம். எண்ணூர்ல இருந்து ஒருத்தர் அடையாறு பக்கம் வரைக்கும் வாரத்துல 5 நாள், 6 வாரம் வந்து போகணும்னா எங்க தங்குவார்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே யாராவது கேக்கணும்.

வண்ணாரப்பேட்டை சிஸ்டர்:

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன், சாரி. நோட்டு போட்டேன். 31 வரி. அதுல "எப்ப தெரிஞ்சிருக்கலாம்"ன்ற கட்டத்துல 22க்கு ஒரு வாரத்துக்கு முன்னாடியேன்னு எழுத வேண்டியதா போச்சு, எழுதும்போது கை கூசுச்சு, ஏன்னா பாதி நான் தியேட்டர்ல நின்னு பாத்த கேஸ்தான். ஐசியூ பெட்டால போனது 6. தியேட்டர் எடம் பத்தாம போனது ஒண்ணு கூட இல்ல.

இப்ப டியூமர் போர்டு முடிஞ்ச கையோட பேஷன்ட் மயக்க டாக்டர், காப்பீடு கவுண்டர் ரெண்டு பேரையும் பாத்துட்டுதான் வீட்டுக்கு போறாங்க. காப்பீடு தம்பிய செவ்வாக்கிழம மீட்டிங்ல உக்கார வெச்சிருக்கேன், மொத நாள் சேர் பத்தாம நின்னுகிட்டே இருந்தார். பெரிய கேஸ் வாரத்துக்கு ரெண்டு, திங்க, வியாழன்னு சர்ஜன்ஸ் கிட்ட பேசி முடிவு பண்ணோம், அதுல ஒரு சார் இன்னும் என் கிட்ட முகம் குடுத்து பேசல. காசிமேடு தம்பி சொன்ன மாதிரி ஒரே ஒரு நம்பர் எல்லா பைல் மேலயும் சீல் அடிச்சு குடுத்தாச்சு, போன் என் கைலதான் இருக்கு, நேத்து ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் கூப்ட்டு "நாளைக்கு அம்மாக்கு ஆபரேஷன், தலைக்கு எண்ணெ வெக்கலாமா"ன்னு கேட்டார். வேணாம்ணா, குளிக்க வெச்சு கூட்டிட்டு வாங்கன்னேன்.

பெரம்பூர் தம்பி, நானும் லிப்ட்டு பக்கத்துல நின்னு பாத்தேன்ப்பா. எங்க ஊர்ல இட்லி இல்ல, பொங்கல். டிராலிய 8:15க்கு தள்ளி வெச்சதுல முத கேஸ் இப்ப 8:10க்குள்ள டேபிள்ல இருக்கு, ஆனா ரெண்டாவது மாடி சுகர் பேஷன்ட்டுங்க பசிக்குதுன்னு கம்ப்ளெய்ன்ட் எழுதி குடுத்துட்டாங்க, கேன்டீன் மாஸ்டர் என்ன எங்க பாத்தாலும் மொறைக்கிறார். 6:45க்கு அனுப்ப முடியுமான்னு கேட்டிருக்கேன், ஒரு ஆள் எக்ஸ்ட்ரா வேணுமாம். எம்.டி. சார் தியேட்டர் பிளான ஓரமா வெச்சுட்டார், ரோபோவ மட்டும் இன்னும் விடல.