மண்ணடி வீடும் சுண்ணாம்புக் காரையும்

சென்னை மண்ணடியில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான, நூறாண்டு கடந்த மாடிக் கட்டடத்தை இடிக்காமல் நான்கு குடியிருப்புகளாக மாற்றியபோது நேர்ந்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலில் அமர்த்திய ஒப்பந்ததாரர், பொரிந்துபோன பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுக் கீழ்த்தளச் சுவர்கள் முழுவதற்கும் சிமெண்ட் பூசினார், நானும் தடுக்கவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்ததும் இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு புடைத்தது. தட்டிப் பார்த்தபோது சிமெண்ட் பலகைபோலப் பெயர்ந்து வந்தது. அதன் பின்புறம் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மிஞ்சிய கல்லை விரலால் தேய்த்தால் செம்பொடி உதிர்ந்தது.

அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரம் காற்றில் உலர இடம் கொடுக்கும். சிமெண்ட் இடம் கொடுக்காததால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு படிகமாகிக் கல்லை உள்ளிருந்தே நொறுக்குகிறது. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான ஹுமாயூன் மகாலைச் சீரமைத்தபோது சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த காரையையே பயன்படுத்தினார்கள் என்று அறிந்த பிறகுதான், பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிமெண்டுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, கல்லுதான் போகும்" என்றார்.

செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளைச் சுரண்ட அவர் இயந்திரத்தை அனுமதிக்கவில்லை. சிற்றுளியால் ஓர் அங்குல ஆழம் கையாலேயே சுரண்டி, தூசியைத் துடைத்து, நீர் தெளித்த பிறகே காரையை அழுத்தினார்கள். கரணையைக் கவிழ்த்தாலும் காரை விழாமல் நின்றால்தான் பதம் என்று சொல்லி, முதல் நாள் அரைத்ததை முழுவதும் திருப்பி அனுப்பினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுவதால், ஈரச் சாக்கு போர்த்தி வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கூலியும் காலமும் கூடின. அதற்காக நான் வருந்தவில்லை.

குளியலறைகள் அனைத்தையும் பின்புறம் புதிதாக எழுப்பிய பகுதிக்குக் கொண்டுபோய்விட்டோம். குழாய்க்காகப் பழைய சுவரை ஓரிடத்திலும் வெட்டவில்லை. பழைய சுவர்களில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கக் கூடாது, சுண்ணாம்பு மட்டுமே அடிக்க வேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். மாடிப்படிச் சுவரில் மட்டும் இன்னும் கொஞ்சம் உப்புப் பூக்கிறது. கோடையில் உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்கிறோம், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை.