நெருக்கடி முதலில் எங்கே தெரியும்?

பொருநைக்கரையான்:
இங்கே ஒருவர், "2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தில் பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் அசையவில்லை, அமைப்பு தாங்கிவிட்டது" என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அணை நின்றது சரி. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் எத்தனை குளத்துக் கரை போனது? நெருக்கடி மேலே தெரியாது, கீழே ஆள்பலம் இல்லாத இடத்தில்தான் வெளியே வரும். அரசாங்கத்திலும் அப்படித்தான். நிவாரணம் 6,000 ரூபாய் என்று மேலே அறிவித்தார்கள், வசவு வாங்கியது ரேஷன் கடைக்காரர். கூடுதல் பொறுப்பில் இன்னொரு கிராமத்தையும் சுமக்கிற விஏஓவைக் கேட்டுப் பாருங்கள்.

வலந்தலை:
அண்ணாச்சி, இறுக்கம் என்றாலே நோய் என்கிறீர்கள். நான் மிருதங்கம் வாசிக்கிறவன். வாரை இழுத்துக் கட்டாவிட்டால் நாதமே கிடையாது. தந்தியின் நீளமும் கனமும் மாறாமல் ஒரு ஸ்தாயி மேலே போக, இழுவிசை நான்கு மடங்கு வேண்டும். நம்மூர் வில்லுப்பாட்டில் நாண் தொய்ந்தால் மணி மட்டும்தான் ஆடும். அலுவலகமும் அப்படியே. நிதியாண்டு முடிகிற மார்ச் மாதம் என்று ஒன்று இல்லாவிட்டால் பாதிக் கோப்பு நகராது.

முக்கூடல்காரி:
நாண் பேச்செல்லாம் சரி. எங்கள் வீட்டில் அம்மா, சித்தி எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். 2017-ல் பீடிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது ஒப்பந்தம், அதில் கை வைத்தால் சங்கம் விடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் இலையில் கை வைப்பார்கள். ஆயிரத்துக்குக் கொடுக்கிற இலை பற்றாது, கைக்காசு போட்டு வாங்கித்தான் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். அப்புறம் கடையில் கழித்துப் போடுகிற பீடியும் கூடும். கணக்கில் கூலி மட்டும் அப்படியே இருக்கும். கம்பெனிக்கு நெருக்கடி என்று பேப்பரில் வருவதற்கு முன்னாலேயே, இலைக்கட்டைக் கையில் தூக்கியதும் அம்மா சொல்லிவிடுவாள்.

வலந்தலை:
அது நெருக்கடி இல்லை தங்கச்சி, திருட்டு.

முக்கூடல்காரி:
திருட்டுதான். நல்ல வருஷத்தில் கொஞ்சம், மோசமான வருஷத்தில் நிறைய.

மறுகால்:
பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பொருநைக்கரையான், உடைந்த இடம்தான் பலவீனமான இடம் என்று முடிவு கட்டாதீர்கள். நம் குளங்கள் சங்கிலியாக இருப்பவை, ஒன்று நிறைந்தால் மறுகால் என்ற உபரிநீர் வழியாகப் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். மேல் குளம் உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் கீழ்க் குளத்தில் வந்து விழும், நல்ல கரையும் நிற்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதை மனதில் வைத்து யார் மறுகால் கட்டினார்கள்?

பொருநைக்கரையான்:
அப்படியானால் யார் மேலும் குற்றமில்லையா சார்? மறுகாலில் மணல்மூட்டை அடுக்கிக் கூடுதலாகத் தேக்குகிறார்களே? ஓடையில் வீட்டுமனை போட்டார்களே?

மறுகால்:
மனை விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். மூட்டை வேறு கதை. பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் பற்றாது என்ற பயத்தில் அடுக்குவது அது. ஐப்பசி மழை பொய்த்த வருஷம் அந்த அரை அடித் தண்ணீரில்தான் கதிர் முற்றும். எடு என்றால், "நட்டத்தை நீ தருவியா?" என்பார்கள். வெள்ளம் வந்த பிறகு எடுக்கப் போனால் கிட்டே நெருங்கவே முடியாது.

முக்கூடல்காரி:
மூட்டை அடுக்கியவர் வயலும் உடைப்பில் போகுமே சார். இலையைக் குறைத்தவருக்கு என்ன போச்சு?

வலந்தலை:
போகும். நன்றாகச் சுற்றுகிறவர்கள் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவார்கள்.

முக்கூடல்காரி:
நீங்கள் பீடிக்கடைப் பக்கம் வந்ததே இல்லை போல. அம்மாவின் பிஎஃப் இந்தக் கம்பெனி பாஸ்புக்கில் இருக்கிறது. பென்ஷனுக்கு இன்னும் வருஷம் சேர வேண்டும். எங்கே மாறுவாள்?