புதுப்பிப்பு: மதியம் மட்டும் டிரிப் ஆன மோட்டார்

வெளியூர் சைட் ஒன்றில் மதியமானால் மோட்டாரின் ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) டிரிப் ஆகிறது, காலையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, பிடித்துவிட்டேன்.

இந்த முறை உடனே கிளம்பாமல், மதியம் வரை லோடில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் மீட்டர்) இரண்டு ஃபேஸ் 14 ஆம்பியர், மூன்றாவது 9. சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பார்த்தால், ஒரு லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) கையாலேயே ஆடுகிறது. வயர் உறை பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. சூடேறச் சூடேற அந்த இணைப்பில் மின்தடை கூடி, பாரம் மற்ற இரண்டு ஃபேஸின் தலையில் விழுந்திருக்கிறது.

கருகியதை வெட்டி, புது லக்கை வயரில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) முடுக்கினேன். இப்போது மூன்றிலும் 12. அப்புறம், ரிலேதான் போய்விட்டது என்று அவசரப்பட்டு வாங்கிய புதுசு, வண்டியில் ஸ்பேராகக் கிடக்கிறது.