‘பள்ளத்தூர் வீடு’ வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை (இந்த வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா அம்மா, ஆச்சி அக்கா அல்லது அண்ணி, அயித்தை அத்தை அல்லது மாமியார், அம்மான் தாய்மாமன், ஐயா தாத்தா, ஆயா பாட்டி.)

காலை 7:48

முத்து: சமையல்காரர் முன்பணம் கேட்கிறார். அப்பச்சியின் சதாபிஷேகத்துக்கு 350 இலையா, 400 இலையா? இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். அப்பச்சியிடம் கேட்டால் எல்லோரையும் கூப்பிடு என்கிறார்கள்.

தெய்வானை: லெட்சுமணா போனை எடு

தெய்வானை: மீனாவுக்குக் கழுத்து இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கண் மேலே போய்விட்டது. வாய் திறக்கவில்லை

உமையாள்: ஐயோ. எப்போதிலிருந்து?

தெய்வானை: கால் மணி நேரமாக. இட்லி சாப்பிட உட்கார்ந்தாள்

விசாலாட்சி: வலிப்பா ஆச்சி? கையில் இரும்பு கொடுங்கள்

கதிரேசன்: ஆயா சாமான் அறைச் சாவியை ஏற்கெனவே கையில் வைத்து அழுத்திவிட்டார்கள். பெரிய சாவி. மீனா அதை விடவே மாட்டேன் என்கிறாள்.

லெட்சுமணன்: மருந்துக் கடை திறந்துகொண்டிருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். ஆச்சி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குத் தெரிகிறதா?

தெய்வானை: தெரிகிறது. கண்ணில் தண்ணீர் வழிகிறது. என் கையை அமுக்குகிறாள்

லெட்சுமணன்: நேற்று ராத்திரி வாந்திக்கு ஊசி போட்டீர்களே, அந்தச் சீட்டு எங்கே? கதிர், படம் எடுத்துப் போடு. உடனே.

கதிரேசன்: [படம்]

லெட்சுமணன்: மெட்டோகுளோப்ரமைடு. ராத்திரி ஊசி. காலையில் மாத்திரையும் போட்டாளா?

கதிரேசன்: ஒன்று. ஏழு மணிக்கு.

லெட்சுமணன்: இது அந்த மருந்து செய்கிற வேலைதான் என்று நினைக்கிறேன். வலிப்பு மாதிரி தெரியவில்லை. காரில் ஏற்றுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரை ஏறும். கழுத்தை நேராக்குகிறேன் என்று யாரும் திருப்ப வேண்டாம். மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். தொண்டைத் தசை இறுகினால்தான் ஆபத்து. சீட்டு, மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்து வாருங்கள். காரைக்குடியில் ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்கிறேன்.

கதிரேசன்: கிளம்பிவிட்டோம்

காலை 8:16

விசாலாட்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

உமையாள்: படித்துவிட்டேன் ஆச்சி. சம்பந்தம் பேசும் தேவகோட்டைக்காரர்கள் காதில் விழுந்தால் விழட்டும். இப்போதா அந்தப் பேச்சு?

விசாலாட்சி: கெட்டதாக நினைத்துச் சொல்லவில்லை. பெண் பிள்ளை, ஊர் வாய் என்ற பயம்தான். அதனால்தான் நீக்கினேன்.

உமையாள்: என் காலில் தேமல் என்று யாரோ கிளப்பிவிட்டு என் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அது யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

முத்து: உமையாள், அதை விடு.

உமையாள்: விட்டுத்தானே இருக்கிறேன்.

முத்து: கார் எங்கே வருகிறது? கதிர்?

கதிரேசன்: வந்துவிட்டோம். அம்மான் உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். சித்தப்பா என்று எழுத வந்தேன், மீனா சொல்கிற மாதிரியே வந்துவிட்டது.

காலை 8:57

லெட்சுமணன்: ஊசி போட்டாயிற்று. டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், மருந்தால் வந்ததுதான்.

முத்து: என்ன ஊசி

லெட்சுமணன்: புரோமெத்தசின். கொஞ்சம் பொறுங்கள்.

காலை 9:14

தெய்வானை: கழுத்து திரும்பிவிட்டது

தெய்வானை: முதலில் கண் இறங்கியது. என்னைப் பார்த்தாள். அப்புறம் வாய். அம்மா தண்ணி என்றாள்

உமையாள்: 😭😭

விசாலாட்சி: பிள்ளையார்பட்டிக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். 21.

முத்து: அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். காலையிலிருந்து முகப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். இப்போதுதான் உட்கார்ந்தார்கள்.

காலை 10:05

லெட்சுமணன்: மீனா தூங்குகிறாள். அந்த ஊசி தூக்கம் வரவைக்கும், பயப்பட வேண்டாம். எல்லோரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். முழுதாகப் படியுங்கள்.

நமக்குக் குமட்டல் வரும்போது மூளையில் ஓர் இடம் டோபமைன் என்ற பொருளால் தூண்டப்படுகிறது. மெட்டோகுளோப்ரமைடு அங்கே போய் டோபமைனை வேலை செய்ய விடாமல் மறிக்கிறது. வாந்தி நிற்கிறது. ஆனால் அதே டோபமைன்தான் மூளையில் இன்னோர் இடத்தில் நம் தசைகளின் அசைவைச் சீராக வைக்கிறது. மருந்து அங்கேயும் போய் மறித்தால் கழுத்து, தாடை, நாக்கு, கண் இவற்றின் தசைகள் தாமாகவே இறுகும். நாம் சொன்னால் கேட்காது. டாக்டர்கள் இதை டிஸ்டோனியா என்பார்கள். எல்லோருக்கும் வராது. வருகிறவர்களில் குழந்தைகளும் இளவயதுக்காரர்களும், அதிலும் பெண்களும் அதிகம். பெரும்பாலும் மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு நாளுக்குள் வரும். மீனாவுக்கு 19 வயது, போட்ட மறுநாள் காலை. அப்படியே பொருந்துகிறது.

உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற வலிப்பில் நினைவு போய்விடும். இவளுக்கு நினைவு ஒரு நொடிகூடப் போகவில்லை. அவள் அம்மா பேசியது, கதிர் ஓடியது, ஆயா சாவியை வைத்தது எல்லாம் சொல்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டே கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்திருக்கிறாள், பாவம். அதனால் நம் வீட்டில் யாரும் வலிப்பு என்ற வார்த்தையை வெளியில் சொல்லக் கூடாது. பயந்து சொல்லவில்லை. அது உண்மை இல்லை, அவ்வளவுதான்.

உமையாள்: 🙏

முத்து: சரி. சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? பாத்திரம் எடுக்க ஆள் வந்து நிற்கிறான்.

லெட்சுமணன்: இன்னும் முடிக்கவில்லை. ஊசியின் வேகம் இறங்கினதும் மறுபடி இழுக்கலாம், அதனால் இரண்டு மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விடாமல் போட வேண்டும். இனி எந்த டாக்டரிடம் போனாலும் மெட்டோகுளோப்ரமைடு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மீனாவே சொல்ல வேண்டும். சின்ன அட்டையில் எழுதிப் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாந்திக்கு ஒண்டான்செட்ரான் இருக்கிறது, அது டோபமைன் பக்கமே போகாது. நேற்று பார்த்த டாக்டரை யாரும் திட்ட வேண்டாம். பல காலமாகக் கொடுக்கிற மருந்து, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை 5 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம், பெரியவர்களுக்கும் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், ஒரு வயதுக்குள் குழந்தைக்குக் கூடவே கூடாது என்று சொன்னது. காரணம் இந்த மாதிரி நரம்புத் தொந்தரவுகள்தான்.

முத்து: சாவி?

கதிரேசன்: அப்பச்சி, மீனா கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டாள். ஊசி போடும்போது நர்ஸ் வாங்கப் பார்த்தார்கள், விரல் பிரியவில்லை. இப்போது அயித்தை பையில் இருக்கிறது. உள்ளங்கையில் சாவியின் அச்சு அப்படியே சிவப்பாக இருக்கிறது.

முத்து: அந்தச் சாவியை என்னிடம் கொடுங்கள் என்று பத்து வருடமாக ஆத்தாவிடம் கேட்கிறேன். பேத்திக்கு ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள் 🙂

தெய்வானை: தம்பி பாத்திரக்காரனை மதியம் வரச் சொல்

உமையாள்: நான் திங்கள் ராத்திரி திருச்சியில் இறங்குகிறேன். யார் வருகிறீர்கள்? போன தடவை மாதிரி இரண்டு மணி நேரம் நிற்க மாட்டேன்.

முத்து: கதிர் வருவான்.

கதிரேசன்: நானா

விசாலாட்சி: ஓலைக் கொட்டான் 200 போதுமா? கந்தரப்பமும் மாவுருண்டையும் வைத்துக் கொடுப்பதாகத்தானே பேச்சு?

உமையாள்: தேன்குழல் என்று அல்லவா முடிவானது.

மதியம் 12:31

விசாலாட்சி: லெட்சுமணா, ஒரு சந்தேகம். அயித்தை தலைச்சுற்றலுக்கு ஒரு மாத்திரை போடுகிறார்களே, போன தடவை வந்தபோது அட்டையைப் பார்த்தேன். புரோகுளோர்பெரசின் என்று இருந்தது. கூகுளில் போட்டால் அதுவும் வாந்தி மருந்து என்று வருகிறது. அதுவும் இந்த மாதிரி செய்யுமா?

முத்து: அது வேறாக இருக்கும்.

விசாலாட்சி: அயித்தைக்கு வாய் எப்போதும் மென்றுகொண்டே இருக்கிறது. வெற்றிலை என்று நினைத்தோம். வெற்றிலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது.

உமையாள்: ஆமாம். வீடியோவில் பேசும்போது பார்த்திருக்கிறேன். வயதானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

மீனா: எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தாயிற்று. எல்லோருக்கும் 🙏 கழுத்து மட்டும் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது.

மீனா: [வீடியோ] ஆயா கொட்டான் அடுக்குகிறார்கள். உதடு பாருங்கள். நாக்கு நுனி வந்து வந்து போகிறது. கூப்பிட்டுப் பேசினால் நிற்கிறது, மறுபடி வருகிறது. ராத்திரி பக்கத்தில்தான் படுத்திருந்தேன், தூக்கத்தில் வாய் அசையவே இல்லை.

காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்த லெட்சுமணனிடமிருந்து நாற்பது நிமிடம் ஒன்றும் வரவில்லை.

மதியம் 1:18

லெட்சுமணன்: வீடியோவை நாலு தடவை பார்த்தேன். கடைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். போன வருடத்துக்கு முந்தின தையில் ஆத்தாவுக்குத் தலை சுற்றியபோது டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதியிருக்கிறார். சுற்றல் நின்றதும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆத்தா தீர்ந்துவிட்டது என்று சொல்லச் சொல்ல, நான்தான் கடையிலிருந்து ஒவ்வோர் அட்டையாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் சீட்டு எங்கே என்று கேட்டிருப்பேன். பெற்ற தாயிடம் கேட்கவில்லை.

புரோகுளோர்பெரசினும் டோபமைனை மறிக்கிற மருந்துதான். மீனாவுக்கு வந்தது ஒரு நாளில் வருவது, ஊசியில் போவது. மாதக்கணக்கில் போட்டால் வேறு விதமாக வரும். வாய் மெல்லுவது, உதடு சப்புவது, நாக்கு நீட்டுவது என்று மெதுவாகத் தொடங்கும். வயதான பெண்களுக்கு அதிகம். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போகாது. மெட்டோகுளோப்ரமைடுக்கு 2009-இல் அமெரிக்காவில் இதே காரணத்துக்காகத்தான் 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். அதை நான் படித்திருக்கிறேன். படித்தது ஆத்தா விஷயத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

தெய்வானை: தம்பி அழாதே. நீ மட்டுமா, நாங்கள் யாரும் பார்க்கவில்லை

விசாலாட்சி: நானும் அட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன்.

உமையாள்: ஆச்சி, நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். காலையில் பேசியதை மனதில் வைக்காதீர்கள்.

முத்து: மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?

லெட்சுமணன்: அந்த முடிவை நாம் எடுக்க வேண்டாம் அண்ணே. எழுதிய டாக்டரைச் சாயந்திரம் நானே போய்ப் பார்க்கிறேன். வீடியோவைக் காட்டுகிறேன். மதுரையில் நரம்பு டாக்டரிடமும் காட்ட வேண்டும். ஆத்தாவுக்கு நடை மெதுவானதும் கை நடுங்குவதும் இதனாலா என்று அவர்தான் சொல்ல முடியும்.

முத்து: புதன்கிழமை சதாபிஷேகம். வியாழன் போகலாம்.

உமையாள்: ஏன், திங்கள் போனால் என்ன?

முத்து: திங்கள் பந்தல்.

தெய்வானை: பந்தலை நான் பார்த்துக்கொள்கிறேன்

மீனா: ஆயாவிடம் கேட்டேன். ஐயா சதாபிஷேகம் முடியாமல் பள்ளத்தூரை விட்டு எங்கும் வர மாட்டார்களாம். சாவியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மீனா: அம்மான், மாத்திரை டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை ஆயா கேட்டால் என்ன சொல்வது?

லெட்சுமணன்: சாயந்திர வேளைக்குள் வந்துவிடுகிறேன். நானே சொல்கிறேன்.

முத்து: 350 இலை என்று சொல்லிவிட்டேன்.

விசாலாட்சி: 400 என்றல்லவா அயித்தை சொன்னார்கள்?