பயிர் நோய்க் குறிப்பேடு: பயிர்வாரியாகவா, நோய்க்காரணி வாரியாகவா?

கேள்வி:
வணக்கம். தேர்வுக்கும் வயல் பயிற்சிக்கும் ஒருசேரப் பயன்படும் வகையில் பயிர் நோய்கள் பற்றிய குறிப்பேடு ஒன்றைத் தொகுத்து வருகிறேன். பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் என நோய்க்காரணிப்படி பிரிப்பது நல்லதா, பயிர்வாரியாகப் பிரிப்பது நல்லதா?

பதில் 1:
பயிர்வாரியாகவே தொகுங்கள். வயலில் நிற்பவருக்கு முதலில் தெரிவது பயிர்தான். ஒன்றுபோல் தோன்றும் நோய்களை அடுத்தடுத்து எழுதி, அவற்றைப் பிரித்தறியும் அடையாளத்தை அடிக்கோடிடுங்கள். நெல்லில் குலை நோயின் புள்ளி இரு முனையும் கூர்ந்து, கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். செம்புள்ளி நோயிலோ அது எள்ளைப் போன்ற நீள்வட்டமாக இருக்கும். பாக்டீரியா இலைக்கருகல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி, அலைபோன்ற விளிம்புடன் கீழ்நோக்கிப் பரவும். ஐயம் எழுந்தால், நோயுற்ற இலையை வெட்டி, வெட்டுமுனை தெளிந்த நீரில் அமிழுமாறு கண்ணாடிக் குவளையில் வையுங்கள். சிறிது நேரத்தில் பால்போன்ற கசிவு இறங்கினால் அது பாக்டீரியாதான். இந்தச் சோதனையைப் படத்துடன் சேர்ப்பது மிகவும் அவசியம்.

பதில் 2:
மேற்கண்ட கருத்தை ஏற்கிறேன்; நோய்க்காரணி வாரியான அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும். அதில் பரவும் வழிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், ஏனெனில் நெல்லைத் தாக்கும் துங்ரோ வைரஸைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று அறியாதவர், பூச்சியை விட்டுவிட்டு இலையின் மஞ்சள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நோய்க்காரணியை வகைப்படுத்தும்போதும் கவனம் தேவை: 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரைப் பழைய நூல்கள் பூஞ்சை என்றே குறிப்பிடும். இன்று அது ஓமைசீட் (oomycete) என்னும், பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சை அல்லாத தனிப் பிரிவில் வைக்கப்படுகிறது. மருந்துகளின் பெயர்களை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். பரிந்துரைகள் அடிக்கடி மாறுகின்றன.